ஒரு வருடமாக நீர்க்கடுப்பு என்றே நினைத்திருந்தோம்

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது, நாட்டுப்படகுத் தொழில். சிறுநீர் எரிகிறது என்று அவர் சொன்னபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. கடல் வெயிலில் கிடப்பவருக்கு நீர்க்கடுப்பு வருவது புதுசா? தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம், நுங்கு வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் பக்கத்து கிளினிக்கில் மாத்திரை. கொஞ்சம் தணியும், மறுபடி ஆரம்பிக்கும். இரவில் ஏழெட்டுத் தடவை எழுந்து போவார். யூரின் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்ற ரிப்போர்ட் கையிலேயே இருந்தும், மூன்று முறை அதே மாத்திரையைத்தான் எழுதினார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் வலையில் சிக்கெடுத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "நேத்து மீன் கழுவின தண்ணி மாதிரி போச்சும்மா. வலியெல்லாம் இல்ல." அதற்கு முன்பும் இரண்டு தடவை போயிருக்கிறது. வலிக்கவில்லை என்பதால் சொல்லவில்லையாம். வலியில்லாமல் ரத்தம் போனாலும் உடனே பார்க்க வேண்டும் என்பது மதுரைக்குப் போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

அங்கே டாக்டரின் முதல் கேள்வி, "பீடி எத்தனை வருஷமா?" புகையின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக இறங்கி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்குமாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. கேமரா குழாயை உள்ளே விட்டபோதுதான் வெல்வெட் துணி மாதிரி சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது. அதில் துளி எடுத்துச் சோதித்தார்கள். 'கார்சினோமா இன் சிட்டு' என்று வந்தது, அதாவது சிறுநீர்ப்பையில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். கட்டியாக எழும்பாமல், படகின் அடியில் பாசி பிடிப்பது போல உள்தோலில் மட்டும் படர்ந்திருக்கிறது, விட்டுவைத்தால் தசைக்குள் இறங்கிவிடும் என்றார்.

பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி.தான் மருந்து. ஆனால் ஊசி இல்லை, மெல்லிய குழாய் வழியே பைக்குள் விடுவார்கள். வாரம் ஒரு முறை, 6 வாரம். 2 மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி அப்பா வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது, எல்லா வாரமும் பஸ்தான். மருந்து உயிருள்ள கிருமி என்பதால், அன்று உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், பிளீச் ஊற்றி 15 நிமிடம் விட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்காகவே சித்தி வீட்டில் இரவு தங்கினோம். குளிர்காய்ச்சல் வந்தது, மறுநாள் விட்டது.

3 மாதம் கழித்துக் கேமராவில் பார்த்தபோது திட்டு இல்லை. பீடியும் விட்டாச்சு. சோதனை மட்டும் தொடர்கிறது.

கீழக்கரையிலிருந்து பதில்:

அக்கா, என் வாப்பாவுக்கு இதற்கும் முந்தைய நிலை. 'டிஸ்பிளேசியா' என்று வந்தது. செல்கள் ஒழுங்கு மாறியிருக்கின்றன, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை என்றார்கள். மருந்தே கொடுக்கவில்லை. ஒரு மாத்திரைகூட இல்லாமல் அனுப்புகிறார்களே என்று உம்மா அழுதுவிட்டார்கள். அவ்வப்போது சிறுநீரில் செல் பரிசோதனை, கேமரா, அவ்வளவுதான். இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. ஆனால் "ஒன்றுமில்லாததற்கு ஏன் அலைகிறீர்கள்" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அடுத்த சோதனைக்கு வர மாட்டேன் என்கிறார் வாப்பா.

பாம்பனிலிருந்து:

தம்பி, விட்டுவிடாதீர்கள். அப்பாவும் முதலில் அப்படித்தான் மறுத்தார். வாப்பாவை அவரோடு போனில் பேசச் சொல்லுங்கள். சாயங்காலம் கரையில்தான் இருப்பார்.