புதுப்பிப்பு: ரிட்டிகல மலைக்குப் போய்வந்தோம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் அநுராதபுர மாவட்டத்து ரிட்டிகல மலைக்குப் போய்வரலாமா, அங்குள்ள அபூர்வ மூலிகைகளைப் பார்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடியமுன் வெளிக்கிட்டால் ஒரு நாள் போதும். ஏ9 வீதி வழியே மரதன்கடவல, அங்கிருந்து ஹபரணை வீதி.

செடிகள் விஷயம் வேறு. 1941 முதல் இந்த மலை கடும் இயற்கை ஒதுக்கிடம். அனுமதி இல்லாமல் உச்சிக்குப் போக முடியாது. நாங்கள் பழைய மடாலய இடிபாடுகள் வரைதான் ஏறினோம். உச்சி 766 மீற்றர். சுற்றிவர உலர் வலயம், ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றின் முகிலும் ஈரமும் மேலே தங்குவதால் மலைநாட்டுச் செடிவகைகள் அங்கே வளர்கின்றன. கற்பூரவள்ளிக்கு உறவான கோலியஸ் இலாங்கேட்டஸ் இந்த மலைக்கே உரியது. அப்படிப்பட்ட இடத்தைப் பூட்டி வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன்.

அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு இங்கே விழுந்ததாகச் சொல்வார்கள். அதற்காக இலை பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து.

அம்மம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டவருக்கு: கீழேயுள்ள பெரிய குளம் வரை ஆறுதலாகப் போகலாம். அதற்கு மேல் கற்படிகள் அதிகம், மழைக்கு வழுக்கும்.