புது பிசியில் பழைய கேம் கிராஷ் ஆனதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (பெங்களூர் நண்பர்கள்)

அல்சூர்க்காரன்:
வீட்டில் புது பிசி அசெம்பிள் செய்ததும் அக்கா பையன் முதலில் கேட்டது ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்தான். 2005-இல் பிசிக்கு வந்த கேம், அவனை விட மூத்தது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் எப்போதோ வாங்கி வைத்திருந்ததை இறக்கினேன். டபுள் கிளிக் செய்தால் திரை ஒரு நொடி கறுக்கும், மறுபடி டெஸ்க்டாப். எர்ரர் மெசேஜ்கூடக் கிடையாது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். "ராம் பிராப்ளம் சார், சேஞ்ச் மாட்பேக்கு" (மெமரியை மாற்ற வேண்டுமாம்) என்றார்கள், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல். ராம் போயிருந்தால் மற்றதெல்லாம் மட்டும் எப்படி ஓடுகிறதாம்? பேசாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

வீட்டில் ஈவென்ட் வியூவரை, அதாவது விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் இடத்தை, திறந்தேன். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன், அதில் சிவப்புக் குறி போட்ட வரி. 'ஃபால்டிங் மாட்யூல்' என்ற இடத்தில் எந்தக் கோப்பில் கோளாறு என்று பெயரே இருக்கும். எனக்குக் காட்டியது கேமின் சொந்த எக்ஸிஇ கோப்பை, அதனால் கேமின் கோப்புகளையே தேடினேன். டாக்குமென்ட்ஸுக்குள் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் 'செட்' என்று முடியும் ஒரு கோப்பு உண்டு. பழைய பிசியிலிருந்து டாக்குமென்ட்ஸை மொத்தமாகக் கொண்டுவந்தபோது, பழைய மானிட்டரின் செட்டிங்ஸோடு அதுவும் வந்திருக்கிறது. அதை அழித்தேன், கேம் திறந்துகொண்டது. சேவ் கோப்புகளும் அங்கேதான் இருக்கும், அவற்றில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. நொடிக்கு எத்தனை படம் என்று கட்டுப்படுத்தும் ஃப்ரேம் லிமிட்டரை ஆஃப் செய்யாதீர்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதை எடுத்துவிட்டால் கேமின் ஹீரோ சிஜே தண்ணீரில் நீந்துகிறேன் பேர்வழி என்று நின்ற இடத்திலேயே கை காலை அடித்துக்கொண்டிருப்பான்.

ரேஸர்_கே.ஆர்.புரம்:
என் கதை வேறு. நீட் ஃபார் ஸ்பீட் கார் ரேஸ் கேம் வரிசையில் 2005 மோஸ்ட் வாண்டெட், ஒரிஜினல் டிஸ்க், கீறல்கூட இல்லை. இன்ஸ்டால் ஆகிறது, கேம் மட்டும் திறக்க மறுக்கிறது. காரணம் சேஃப்டிஸ்க் என்ற காப்பி தடுப்பு. அதன் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் அதை மைக்ரோசாஃப்ட் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8-இலும் முடக்கிவிட்டார்கள். காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவன் முழிக்கிறான், கிராக் போட்டவன் ஜாலியாக விளையாடுகிறான். ஆன்லைன் கடைகளில் கிடைப்பது 2012 மோஸ்ட் வாண்டெட். வேறு கேம், ஏமாந்துவிடாதீர்கள்.

கோடு_கிறுக்கன்:
அல்சூர் அண்ணா, உங்கள் அக்கா பையன் தண்ணீரில் இறங்கும் ஸ்கிம்மர் விமானத்தைத் தேடினானா? விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்த பிறகு கேமில் அந்த விமானமே காணாமல் போனது. இந்தக் கேமின் கோளாறுகளைச் சரிசெய்யும் சைலன்ட்பேட்ச் என்ற ரசிகர் பேட்சை எழுதுபவர் 2025-இல் தோண்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். வண்டிகளின் விவரக் கோப்பில் ஸ்கிம்மருக்கு மட்டும் சக்கர அளவு எழுதாமல் விட்டிருக்கிறார்கள். முந்தைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியில் அது படகு வகையில் இருந்தது, படகுக்குச் சக்கர அளவு எதற்கு? சான் ஆண்ட்ரியாஸில் விமானமாக மாற்றியவர்கள் அந்த வரியைத் திருத்தவில்லை.

அப்புறம் எப்படி இத்தனை வருடம் ஓடியது என்றால், அதற்கு முந்தைய வண்டியின் அளவு மெமரியில் அழியாமல் மிச்சம் இருந்தது. கேம் அதையே எடுத்துக்கொண்டது. 24எச்2-இல் விண்டோஸ் அந்த இடத்தைத் தன் வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும் அங்கே குப்பை எண் வந்து உட்கார்ந்துவிட்டது. விண்டோஸ் மேல் தப்பே இல்லை. இருபது வருடமாகக் கேமுக்குள்ளேயே பதுங்கியிருந்த பூதம். சைலன்ட்பேட்ச் போட்டால் விமானம் திரும்பிவிடும்.

விவேக்நகர்வாசி:
கேம்கள் திரையில் படம் வரைய உதவும் விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12 இருக்கும்போது 9 எதற்கு என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் டிஎல்எல் கோப்புகள் புது விண்டோஸோடு வருவதில்லை. ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். டிஎல்எல்லை ஒற்றையாகத் தரும் தளங்கள் பக்கமே போகாதீர்கள், வைரஸை வீட்டுக்குக் கூப்பிட்ட கதையாகிவிடும்.

அல்சூர்க்காரன்:
@கோடு_கிறுக்கன் பையன் ஸ்கிம்மர் வரை போகவில்லை, சைக்கிளை விட்டு இறங்கினால்தானே! பேட்ச் போட்டு வைக்கிறேன்.

பழைய_டிஸ்க்_பித்தன்:
எனக்குத் தொண்ணூறுகளின் கேம்கள்தான் உயிர். பழைய விண்டோஸ் போல நடிக்க வைக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடை மாற்றி மாற்றிப் போடுவது, என்னைக் கேட்டால், பாதி நேரம் வீண் வேலை. டிஜிவூடூ 2 என்ற மென்பொருளைப் போடுங்கள். பழைய டைரக்ட்எக்ஸ், கிளைடு (அந்தக் கால கிராஃபிக்ஸ் முறை) அழைப்புகளைப் புது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற டைரக்ட்3டி 11 ஆக மாற்றிக் கொடுக்கும். அதன் டிஎல்எல்களை கேம் ஃபோல்டருக்குள் போட்டால் போதும், விண்டோஸ் ஃபோல்டரில் போடக் கூடாது. இன்ஸ்டாலரே திறக்கவில்லையா? அது 16 பிட் இன்ஸ்டாலராக இருக்கலாம், 64 பிட் விண்டோஸில் அது ஓடவே ஓடாது. அந்த கேம் ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் புது விண்டோஸுக்கு ஏற்றபடி சரிசெய்தே விற்கிறார்கள்.

ரேஸர்_கே.ஆர்.புரம்:
மோஸ்ட் வாண்டெட் அங்கேயும் இல்லை, ஏற்கனவே தேடிவிட்டேன். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய லேப்டாப் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிஸ்க் டிரைவ் வேலை செய்ய வேண்டும். கே.ஆர்.புரம், டின் ஃபேக்டரி பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.