குடும்பநல நீதிமன்றத்தில் முதல் ஆண்டுகள்: நான் கேட்கத் தவறிய கேள்வி

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே எழுதுகிறேன். குடும்ப வழக்குகளைப் புதிதாக எடுத்துக்கொள்ளும் இளம் வழக்கறிஞர்களில் ஒருவராவது அதைத் தவிர்த்தால் மகிழ்வேன்.

இரண்டு பிள்ளைகளுடன் தாய்வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்காக, இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஜீவனாம்சம் கோரி மனுத் தாக்கல் செய்தேன். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பினரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். எனவே அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பினேன். "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்றேன். "இல்லீங்க சார்." "சம்பளம் ஏதாவது?" "ஒண்ணும் இல்லீங்க." வருமானக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமும் வாங்கிவிட்டேன்.

விசாரணை நாளில், நாங்களே இணைத்திருந்த வங்கிப் பாஸ்புக் நகலை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்து நீட்டினார். 300, 450, 600 என்று மாதந்தோறும் வந்திருந்த சிறு சிறு வரவுகள் ஒவ்வொன்றும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்ததற்கான கூலி அது. வெளியே வந்ததும் அந்தப் பெண் கலங்கிப்போய், "வீட்டில உக்காந்து தைக்கிறதெல்லாம் வேலையா சார்?" என்று கேட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தாத சொல்லால் கேட்டிருந்தேன். மனைவிக்குச் சிறிது வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது என்பதை அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் அந்தத் தொகை எங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்திருக்காது. 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்தான் அவருடைய நம்பகத்தன்மையைக் குலைத்தது. கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய நீதிபதி அனுமதித்தார் என்றாலும், அதற்குள் இரண்டு வாய்தாக்கள் போய்விட்டன. அந்த வாய்தாக்களின் சுமையைத் தாங்கியவர் அவர்தான், நானல்ல.

இப்போதெல்லாம் "சம்பளம்" என்ற சொல்லோடு நான் தொடங்குவதில்லை. போன மாதம் அரிசி வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, பால் காசை யார் கொடுத்தார்கள், சீட்டு கட்டுகிறீர்களா, நகை அடகில் இருக்கிறதா, மகளிர் குழுக் கடன் உண்டா என்று கேட்கிறேன். பாஸ்புக்கையும் வரி வரியாகக் கட்சிக்காரருடனேயே உட்கார்ந்து பார்க்கிறேன். கணவர் தரப்பில் ஆஜராகும்போதும் முறை இதுவே.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. என் அனுபவம் குழந்தையைச் சந்திக்கும் உரிமை பற்றியது. பரஸ்பர சம்மத விவாகரத்து மனு ஒன்றில், "தந்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தையைப் பார்க்கலாம்" என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன். முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கே அவர் வாசலில் வந்து நின்றார். பத்து மணிக்குத்தான் அனுப்புவேன் என்று தாய் கதவைத் திறக்கவில்லை. இருவரும் மாறி மாறி எனக்குத் தொலைபேசியில் பேசினார்கள், பின்னால் அந்தக் குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நேரம், இடம், யார் அழைத்து வருவது, காய்ச்சல் என்றால் எந்த நாளுக்கு மாற்றுவது, கோடை விடுமுறையையும் பண்டிகை நாட்களையும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று இப்போது ஒரு பக்கமாவது எழுதுகிறேன். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு விதிக்கும் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கும்போதும் இது உதவுகிறது. ஏனெனில் குழந்தைப் பொறுப்பும் ஜீவனாம்சமும் உண்மையாகவே தீர்க்கப்பட்டுவிட்டனவா என்பது, அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி நீதிமன்றம் பார்க்கும் நிபந்தனைகளுள் ஒன்று.

* * *

சுருக்கமாக ஒன்று. ஏற்கெனவே வேறு நீதிமன்றத்தில் ஏதாவது உத்தரவு இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பெற்றிருந்த மாதாந்தர ஜீவனாம்ச உத்தரவை, "அது போலீஸ் கேஸ்தானே" என்று நினைத்து என்னிடம் சொல்லவே இல்லை. முந்தைய உத்தரவை வெளிப்படுத்த வேண்டியது கட்டாயம். புதிய தொகையை நிர்ணயிக்கும்போது நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் "கேஸ் இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், நீதிமன்ற முத்திரை உள்ள எந்தத் தாளாக இருந்தாலும் பையோடு கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.