தென்னாப்பிரிக்காவுல டாரன்டுலா சிலந்தி வளர்க்கறவங்களே, புது தொட்டிக்கு மாத்தின முதல் ராத்திரி, உங்க சிலந்தி என்ன பண்ணுச்சு?

சாட்ஸ்வர்த்காரன்:
என் ரெட்நீ பொண்ணு, அதான் முட்டி சிவந்த டாரன்டுலா, ஆறு வருஷமா என்கிட்ட இருக்கா. ஞாயித்துக்கிழமை கண்ணாடித் தொட்டிக்கு மாத்தினேன், மண்ணுக்குப் பதிலா கோகோ பீட்னு தேங்கா நார்த்தூள், கார்க் பட்டை, தண்ணிக் கிண்ணம் எல்லாம் வழக்கம்போலத்தான். மூணு ராத்திரியா மண்ணுல கால் வைக்கல, கண்ணாடியிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு மனசுல நிக்கிறது ரெண்டாம் ராத்திரி. மூணு மணி இருக்கும், சிவப்பு டார்ச் அடிச்சுப் பாக்கறேன், ஒரு முன்னங்காலை மெதுவா இறக்கி மண்ணைத் தொட்டா, தொட்டதும் சுட்டமாதிரி வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு கால், அதுவும் அப்படியே. அப்புறம்தான் உறைச்சது, பீட்டை ஊறவெச்சு சரியாப் பிழியாம அவசரத்துல கொட்டினது நான்தானே. காலையில எங்க ஆயா வந்து பாத்துட்டு "ஈரத் தரையில நீ படுப்பியாடா?"ன்னு கேட்டாங்க. பதில் வரல எனக்கு.

லெனேசியா அக்கா:
தம்பி, நான் பண்ணினது அதைவிட மோசம். ஹைவெல்டு மேட்டுநிலத்து ஜூலைக் குளிர் தெரியும்ல, அப்ப லோட்ஷெடிங்னு கரண்ட் கட் வேற, தொட்டிக்குச் சூடு தர்ற ஹீட் மேட் பாதி நேரம் செத்துக் கிடக்கும். ஃபிரிட்ஜ் மேல சூடா இருக்குமேன்னு புது டப்பாவை அங்க தூக்கி வெச்சேன். நாலு நாள் ஒண்ணும் புரியல, சும்மா இருக்கறவ திடீர்னு முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு நிப்பா. ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில நான் கொத்தமல்லி ஆஞ்சுக்கிட்டு இருந்தப்போ ஃபிரிட்ஜ் மோட்டார் 'டொர்ர்'னு ஓட ஆரம்பிச்சுது, அதே நொடி இவ காலைத் தூக்கினா. மோட்டார் நின்னதும் மெதுவா இறக்கினா. அவங்களுக்குக் காது கிடையாது, கால் வழியாத்தானே அதிர்வெல்லாம் தெரியும். நாலு நாளா அவ காலுக்கடியில பூமி நடுங்கிக்கிட்டே இருந்திருக்கு. இப்பவும் ஃபிரிட்ஜ் ஓடற சத்தம் கேட்டா எனக்கு வயித்தைப் பிசையும்.

டோங்காட்:
அண்ணா, ஈரத்தை விடுங்க, முதல்ல உங்க தொட்டி உயரம் என்னன்னு சொல்லவே இல்லையே? என்னோடது ஒரு அடி உயரத்துலேர்ந்து விழுந்து வயிறு கிழிஞ்சு போச்சு, கார்ன் ஃப்ளவர் வெச்சு அடைச்சுப் பாத்தேன், பிழைக்கல. அவ்வளவுதான் என் கதை, அதைப் பத்தி மேல பேச முடியல. ஆனா இதைக் கேட்டுக்குங்க, மண்ணுக்கும் மூடிக்கும் நடுவுல இருக்கற இடம் அது கால் விரிச்ச நீளத்துல ஒண்ணரை மடங்குக்கு மேல போகக் கூடாது, தொட்டி உயரமா இருந்தா மண்ணைக் கூட்டுங்க, கண்ணாடி ஏறுற நாள்லதான் விழும். கம்பி வலை மூடி வேண்டவே வேண்டாம், நகம் மாட்டிக்கிட்டுத் தொங்கும், ஓட்டை போட்ட அக்ரிலிக் போடுங்க. ஹீட் மேட்டை அடியில வைக்காதீங்க அக்கா, சூடு தாங்காம அது கீழதான் தோண்டும், கீழ இன்னும் சூடு, பக்கவாட்டுல ஒட்டணும். ரெட்நீ மெக்சிகோவோட பசிபிக் கரைப் பக்கத்து ஜீவன், காய்ஞ்ச மண் போதும், கிண்ணத்தைச் சுத்தி மட்டும் லேசா நனைச்சா சரி. அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள ஒரு சில்வண்டு போட்டுப் பாருங்க, சாப்பிட்டா செட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

மாரிட்ஸ்பர்க்:
கடைசியா சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. மாத்தின வாரத்துல உயிரோட சில்வண்டு போட்டுட்டு விடக் கூடாது. என்னோடது புது இடத்துக்கு வந்து பத்தாம் நாள் மல்லாந்து கிடந்தா, கால் எல்லாம் மேல. செத்துட்டான்னு அம்மா கறிவேப்பிலை மரத்தடியில குழியே தோண்டிட்டாங்க, நான் அழுதுக்கிட்டே எடுக்கப் போறேன், ஒரு கால் நுனி மட்டும் மெல்ல அசைஞ்சது. சட்டை உரிச்சுக்கிட்டு இருந்திருக்கா! வெளிய வந்தப்போ கொடுக்குப் பல்லு பால் மாதிரி வெள்ளை, உடம்பெல்லாம் ஈரத்துணி மாதிரி தொவண்டு கிடந்துது. அந்த நேரம் உள்ள ஒரு சில்வண்டு இருந்திருந்தா கடிச்சே கொன்னிருக்கும். பல்லு கறுத்து கெட்டியாக ரெண்டு வாரம் விட்டேன். அந்தக் குழியை மூடும்போது கை நடுங்குச்சு எனக்கு.

பிரிட்டோரியா:
எல்லாரும் ரெட்நீ பத்தியே பேசறீங்க. எனக்கு உறுத்தறது வேற. தெரிஞ்ச பையன் ஒருத்தன் வெல்டு புல்வெளியில வளையைத் தோண்டி ஒரு பாபூன் ஸ்பைடரை, அதான் நம்ம ஊர் டாரன்டுலாவை, பக்கி வண்டியில போட்டுக் கொண்டுவந்து காட்டினான். ஐஸ்கிரீம் டப்பா, அடியில டிஷ்யூ பேப்பர். அவ அந்தப் பேப்பரைச் சுரண்டிச் சுரண்டி மூலையிலயே தோண்டிக்கிட்டு இருந்தா, பேப்பர் கிழிஞ்சு பிளாஸ்டிக் வந்ததும் நிறுத்தல. பாபூன் ஸ்பைடர்ல ஹார்பாக்டிரா, செரடோகைரஸ், டெரினோகிலஸ்ங்கற மூணு வகையும் 2007லேர்ந்து இங்க பாதுகாக்கப்பட்ட இனம், பர்மிட் இல்லாம கை வைக்கக் கூடாது. அன்னைக்கே எடுத்த இடத்துல திருப்பி விடச் சொன்னேன், சரின்னான். விட்டானான்னு கூடப் போய்ப் பாக்காம வந்துட்டேன், அதுதான் இன்னும் குத்துது.

சாட்ஸ்வர்த்காரன்:
டோங்காட் தம்பி, அளந்து பாத்தேன், நீங்க சொன்னதைவிட உயரம்தான். மேல் மண்ணை எடுத்து வெயில்ல உலர்த்தி, இன்னும் மூணு இஞ்ச் காய்ஞ்ச மண்ணும் சேத்துட்டேன். சில்வண்டு போடல, மாரிட்ஸ்பர்க் சொன்னதைத்தான் கேட்டேன். நேத்து ராத்திரி இறங்கிட்டா. காலையில பாத்தா கார்க் பட்டைக்கு அடியில பள்ளம் பறிச்சு, அந்த மண்ணையெல்லாம் உருட்டி உருட்டிக் கொண்டுவந்து தண்ணிக் கிண்ணத்துல கொட்டி ரொப்பி வெச்சிருக்கா. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிண்ணத்தைக் கழுவப் போனேன், "இன்னைக்கு ஒருநாள் விடுடா"ன்னாங்க.