இரவில் குப்பை கொட்டுகிறவர்களை உள்ளாட்சியால் ஏன் பிடிக்க முடிவதில்லை?

கேள்வி

வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டிய ஓடைக்கரையில் ஏறத்தாழ ஓராண்டாக யாரோ இரவில் லாரியில் வந்து, கட்டட இடிபாடுகளையும் மூட்டை மூட்டையாகக் கழிவுகளையும் கொட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் ஆள் அனுப்பி அள்ளினார்கள். குப்பை கொட்டினால் அபராதம் என்று பலகையும் நட்டார்கள். அந்தப் பலகையின் காலடியிலேயே அடுத்த வாரம் புதிய குவியல் கிடந்தது. சட்டமும் இருக்கிறது, அபராதமும் இருக்கிறது என்றால் எங்கேதான் தடைப்படுகிறது? அபராதத்தை உயர்த்தினால் நிற்குமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நான்காவது புகாரையாவது உருப்படியாக எழுதுவேன்.

பதில் 1

உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவில் பல ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கொட்டியவர் இன்னார் என்று மெய்ப்பிக்கும் இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் நின்றுபோகின்றன. கழிவை முறையாக ஒப்படைத்தால் கட்ட வேண்டிய கட்டணம் மிச்சமாகிறது என்பதுதான் கொட்டுகிறவனின் கணக்கு. அகப்பட மாட்டோம் என்று அவன் நம்பும்வரை, அபராதத்தைப் பத்து மடங்காக உயர்த்தினாலும் அந்தக் கணக்கு மாறாது.

உங்கள் புகாரில் எனக்கு வருத்தம் தந்த செய்தி, மூன்று முறையும் உடனே அள்ளிவிட்டார்கள் என்பதுதான். அள்ளிய குப்பையோடு சாட்சியமும் போய்விட்டது. முறையான ஆய்வு என்றால், குவியலை யாரும் தொடுவதற்கு முன் சுற்றிலும் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து, கையுறை அணிந்து ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து, முகவரி உள்ள உறை, ரசீது, பார்சலில் ஒட்டிய சீட்டு ஆகியவற்றைத் தனித்தனிப் பையில் இட்டு எண் எழுத வேண்டும். ஒருமுறை, சேற்றில் ஊறிய பெயின்ட் டப்பாவின் அடியில் ஒட்டிக்கிடந்த ரசீது ஒன்றைக் காயவைத்துப் படித்து, அதிலிருந்த முகவரிக்குப் போனோம். வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர், லாரிக்காரரிடம் பணம் கொடுத்து அனுப்பியதோடு தம் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக உண்மையாகவே நம்பியிருந்தார்.

அவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, கழிவைத் தகுதி பெற்றவரிடம் ஒப்படைக்கும் கடமையைக் கழிவின் உரிமையாளர்மீதே சுமத்துகிறது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, ஒரு வாகனத்திலிருந்து கழிவு கொட்டப்பட்டால், அந்த வாகனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் அறிந்தே கொட்டச் செய்ததாகக் கருதப்படுவார்; அவர் உத்தரவு கொடுத்தாரா என்பது பொருட்டில்லை. இப்படி ஒரு விதி இருக்கும் இடத்தில், இருட்டில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை என்றாலும் வாகன எண் தெளிவாகத் தெரிந்தால் வழக்கு நகரும். உங்கள் பகுதியின் விதிகளில் இதற்கு இணையான பிரிவு உண்டா என்று முதலில் பாருங்கள்.

பதில் 2

ஓடை என்று எழுதியிருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். கரையில் கிடக்கும் கழிவு கண்ணுக்குத் தெரியும். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர்க் குழாய் தெரியாது. பல நாள் மழையே இல்லாதபோதும் வடிகாலின் வாயிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தால் ஐயப்பட வேண்டும். அதற்கு நிலத்தடி நீர்க் கசிவும் காரணமாக இருக்கலாம் என்பதால், ஆய்வாளர்கள் ஐயத்துக்குரிய கட்டடத்தின் குழாயில் நச்சற்ற சாயத்தை ஊற்றிவிட்டு, கீழே வடிகாலில் அந்த நிறம் வருகிறதா என்று காத்திருப்பார்கள். பச்சை நிறம் வடிகாலில் வந்து விழும்போது உரிமையாளரும் பக்கத்தில் நின்று பார்த்தால், அதன்பின் வாதத்துக்கு இடமிருப்பதில்லை.

நீர் மாதிரி எடுப்பதிலும் அதே கண்டிப்பு வேண்டும். எடுத்தவர், முத்திரையிட்டவர், ஆய்வகத்தில் பெற்றுக்கொண்டவர் என்று கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து இருக்க வேண்டும். நடுவில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும், ஆய்வக முடிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அது நிற்பது கடினம்.

பதில் 3

முதல் பதிலை மதிக்கிறேன். ஆனால் சாட்சியம் இல்லாததுதான் தடை என்பதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. ஜப்பானின் தேஷிமா தீவில் ஒரு நிறுவனம், மண்புழு வளர்க்கப்போவதாகச் சொல்லி 1978இல் ககாவா மாகாண நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, நொறுக்கப்பட்ட வாகனங்களின் எச்சங்களையும் வேறு தொழிற்கழிவுகளையும் கொண்டுவந்து கொட்டியது, எரிக்கவும் செய்தது. தீவு மக்கள் விடாமல் முறையிட்டார்கள். மாகாணமோ, அது மறுபயன்பாட்டுக்கான பொருள் என்ற நிறுவனத்தின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. 1990இல் சோதனை நடத்தியது பக்கத்து மாகாணமான ஹியோகோவின் காவல்துறை. ககாவா ஆளுநர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2000இல். தோண்டியெடுத்த 9 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு தீவை விட்டு அகன்று முடிந்தது 2017இல். அங்கே சாட்சியம் மலைபோல் எல்லார் கண்முன்னும் கிடந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்க மறுத்தார்கள்.

பணமில்லை, ஆளில்லை என்பது உள்ளாட்சிகள் சொல்லும் இன்னொரு காரணம். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கில், திறந்த சாக்கடைகளைச் சீர்செய்யப் பணமில்லை என்ற வாதத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1980இலேயே ஏற்க மறுத்தது. ஆகவே நான்காவது புகாரில், முந்தைய மூன்று புகார்களின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, ஒவ்வொன்றின் மீதும் குப்பையை அள்ளியது தவிர என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால், மேல்முறையீட்டுக்கு அதுவே ஆவணம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவும் ஒரு குவியல் விழுந்திருக்கிறது. உள்ளாட்சி ஆட்கள் வருவதற்கு முன் நானே மூட்டைகளைப் பிரித்து முகவரி தேடலாமா?

பதில் 1

வேண்டாம். ஊசியும் உடைந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடும் உள்ளே இருக்கலாம். அதோடு, நீங்கள் கைவைத்த மூட்டையில் கிடைத்த ரசீதை நீங்களே போட்டதாக எதிர்த்தரப்பு சொல்லும். எட்ட நின்று படம் எடுங்கள். சக்கரத் தடம் இருந்தால் அதையும் எடுங்கள். ஆய்வாளர் வந்து பிரிக்கும்வரை அள்ள வேண்டாம் என்று புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.