அம்மாவின் வீணையை வீட்டில் பதிவு செய்ய எந்த மைக்?

தோடிப்பிரியன்:
வணக்கம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஐம்பது வருடமாக வீணை வாசிக்கிறார், ஆனால் உருப்படியான பதிவு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. விரல் ஓடும்போதே பாட்டி சொல்லிக்கொடுத்த கீர்த்தனைகளையாவது எடுத்து வைத்துவிட வேண்டும். போனில் எடுத்தால் கிணற்றுக்குள் வாசிப்பதுபோல் கேட்கிறது. பஸ் போகும் தெரு, முதல் மாடி, மொசைக் தரை. லேப்டாப் இருக்கிறது, 25,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். டைனமிக் மைக் வாங்கினால் தெரு இரைச்சல் விழாது என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

மரக்குடம்:
உண்மையில்லை சார். எந்த மைக்கும் தன்னிடம் வந்து சேரும் சத்தத்தைத்தான் எடுக்கும். பாடகர்கள் டைனமிக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பதால் அவர்கள் குரல் இரைச்சலை அமுக்கிவிடுகிறது, விஷயம் அவ்வளவுதான். வீணையை அப்படி ஒட்டி எடுக்க முடியாது, ஒன்றரை அடியாவது தள்ளி வைத்தால்தான் குடத்தின் நாதம் சேர்ந்து வரும், அந்தத் தூரத்தில் டைனமிக்குக்கு கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் பஸ்ஸும் கேட்கும் 'உஸ்' என்ற இரைச்சலும் கேட்கும். மெல்லிய சத்தத்தையும் எடுக்கும் கண்டென்சர் வகை மைக் வாங்குங்கள், ஆனால் அதன் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள். ஏடி2020 என்ற மைக்குக்கு 20 டெசிபெல், ரோட் என்டி1-ஏ என்ற மைக்குக்கு 5. மிருதங்கத்துக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வீணையில் ஒரு மீட்டு அடங்கி மறையும் இடத்தில் அப்பட்டமாகத் தெரியும். கூடவே மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும், கண்டென்சருக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தை (பேண்டம் பவர்) அது கேபிள் வழியே தர வேண்டும், ஒரே மைக் என்பதால் ஸ்கார்லெட் சோலோ போதும். மைக் குதிரைக்கும் மெட்டுகள் முடியும் இடத்துக்கும் நடுவே, பலகையைப் பார்த்து இருக்கட்டும். மீட்டும் விரலுக்கு நேராக வைத்தால் நகச்சத்தம்தான் முன்னால் நிற்கும்.

அதிகாலை:
மைக் வாங்கும் முன்பு அறையைக் கவனியுங்கள். அந்தக் கிணற்றுச் சத்தம் மொசைக் தரையும் வெறும் சுவரும் கொடுப்பது. ரெண்டு ஜமக்காளத்தை மடித்து விரியுங்கள், அம்மாவுக்கு எதிர்ச்சுவரில் மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள், புடவை பீரோ இருக்கும் அறை என்றால் பீரோ கதவைத் திறந்தே வையுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. காலை நாலரைக்கு எடுங்கள், மின்விசிறி கூடாது, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். அப்புறம், சுருதிப்பெட்டியை அறையில் ஓடவிடாதீர்கள், பதிவில் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. அம்மாவின் ஒரு காதில் இயர்போனாகக் கொடுத்து, தம்பூராவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வீணையிலேயே ஒட்டி அதிர்வை எடுக்கும் பிக்கப் பொருத்தினால் தெருச் சத்தம் தொல்லை இல்லை என்று யாராவது சொல்வார்கள். கச்சேரி மேடைக்குச் சரி, ஆனால் பலாமரத்தின் நாதம் அதில் வராது, உங்களுக்கு வேண்டியதே அதுதானே.

தோடிப்பிரியன்:
ரொம்ப நன்றி. ஜமக்காளம், மெத்தை மட்டும் வைத்து அதே போனில் இன்று எடுத்தேன், பாதிக் கிணறு போய்விட்டது! மைக்கும் இன்டர்ஃபேஸும் சேர்த்து பட்ஜெட்டைத் தாண்டினாலும் பரவாயில்லை, அண்ணன் பாதி தருகிறான். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் எதை எப்படி வைப்பது? தெரு உறுமலுக்கு 80 ஹெர்ட்ஸில் லோ-கட் (அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டுவது) போடச் சொல்கிறார்கள்.

மரக்குடம்:
போடாதீர்கள்! அம்மா என்ன சுருதி? மூன்று கட்டை என்றால் வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரப் பஞ்சமம் 62 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும், 80இல் வெட்டினால் அந்தத் தந்தியின் அடிநாதமே போகும். 40இல் வையுங்கள், அதுவும் எடுத்து முடித்த பிறகு. பதிவு எதுவும் வெட்டாமல் இருக்கட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பலமான மீட்டுகூட ரீப்பரின் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். தாளத்தந்தி தூக்கலாகக் கேட்டால் மென்பொருளில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் ஈக்யூவைத் தொடாதீர்கள், மைக்கை ஒரு சாண் நகர்த்திவிட்டு ஹெட்போனில் மறுபடி கேளுங்கள். முதல் நாள் முழுக்க இதற்கே போகட்டும், கீர்த்தனையை மறுநாள் எடுக்கலாம்.