திருகோணமலையில் ஜப்பான் மொழி கேட்டல் பயிற்சிக்கு ஆள் தேவை

ஜேஎல்பிடி (ஜப்பான் மொழித் திறன் சோதனை) என்5, அதாவது ஆகக் கீழ்ப்படி, சோதனைக்குப் படிக்கிற ஆக்களுக்காகக் கேட்கிறோம். 180 க்கு 80 எடுத்தால் சித்தி. ஆனால் கேட்டலில் 60 க்கு 19 வராவிட்டால், மொத்தம் எவ்வளவு எடுத்தும் பயனில்லை.

இலக்கணம் எங்கட ஆக்களுக்குச் சுகம்: தமிழைப் போலவே வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். சறுக்குவது காதில்தான். தமிழில் குறிப்பெடுத்தால் க, ட, ப எல்லாம் இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்தாகிவிடும். ஜப்பான் மொழியின் அடிப்படை எழுத்தான ஹிரகனா 46 எழுத்தையும் முதலே பழகாதவர்கள் இதிலதான் மாட்டுப்படுவது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்3 (நடுப்படி) முடித்தவர்களோ, ஜப்பானில் வேலை செய்து வந்தவர்களோ இருக்கிறீங்களா? சனி பின்னேரம் ஒரு மணித்தியாலம் வாசித்து, கேட்டு எழுத வைத்தால் போதும். நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டாம், சோதனையில் ஒலிப்பதிவு ஒருதரம்தான் ஓடும். இடம் நாங்கள் பார்ப்பம். எவ்வளவு தரவேணும் என்றும் சொல்லுங்கோ.